நூறாவது கோட்டை

ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய எர்மீனியு, ரொட்டிக்கடையை ஏறெடுத்தும் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக ஊர் நடுவிலிருந்த டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 'டாக்ஸி' என்று எழுதிய பலகை இருந்தது. பலகையின் நிழலில் ஒரு பூனை படுத்திருந்தது. டாக்ஸி மட்டும் இல்லை.

எதிரே இருந்த காபிக்கடைக்குள் தலையை நீட்டினார்.

"டாக்ஸி எங்கே?"

கடைக்காரி லுதவீனா துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைத் துடைத்து முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அலமாரியில் வைத்த பிறகுதான் திரும்பினாள்.

"காலை வணக்கம்னு ஒண்ணு இருக்கு, ஐயா."

"காலை வணக்கம். டாக்ஸி எங்கே?"

"பெலர்மீனு சவாரி போயிருக்கான்."

"எப்ப வருவான்?"

"சவாரி முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

"அவன் வந்துட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

எர்மீனியு பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை. கடிகாரம் இருந்த இடத்தில் வெயில் படாத ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தது. கடிகாரமும் கைபேசியும் அவர் மனைவி கிரசியெத்தின் கைப்பையில் இருந்தன. கைப்பை கிரசியெத்திடம் இருந்தது.

வடக்கே போர்ட்டோ நகரத்தில் ஒரு பஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் எர்மீனியு. வேலையை விட்டு வந்த பிறகும் விசில் மட்டும் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் மனைவியை அழைத்துக்கொண்டு தேசத்தில் உள்ள தொண்ணூற்றொன்பது கோட்டைகளைப் பார்த்திருந்தார். பார்ப்பது என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. மதிலைக் கையால் தொட வேண்டும். தொட்ட கையோடு ஒரு போட்டோ. கோட்டைக்குப் பத்து நிமிஷம். பத்தாவது நிமிஷம் விசில். எல்லாப் போட்டோவிலும் அவர் மதிலில் கை வைத்து நேராகச் சிரித்துக்கொண்டிருப்பார். கிரசியெத்தின் முகம் பாதிதான் தெரியும். மீதிப் பாதி பஸ்ஸைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

இந்த வருஷம் அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை நான் சொல்ற மாதிரிதான். ஒரு ஊரு. அஞ்சு நாள். கடிகாரம் கிடையாது, போன் கிடையாது, பட்டியல் கிடையாது, கோட்டை கிடையவே கிடையாது. ஒரே இடத்துல இருக்கணும்."

"இருந்து?"

"இருக்கணும்."

"அதான் கேக்கறேன், இருந்து என்ன பண்றது?"

"அதான் சொல்றேனே எர்மீனியு, இருக்கறது!"

மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அவள் சொன்ன வாலே மான்ஸு என்ற ஊரை வரைபடத்தில் தேடினார். தெற்கே, கார்க் மரங்களுக்கு நடுவில், ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து இருபத்திரண்டே கிலோமீட்டரில் பென்யா கிளாரா. அவர் பட்டியலில் மிச்சமிருந்த ஒரே கோட்டை. நூறாவது.

"சரி கிரசியெத், நீ சொன்னா சரி" என்றார். சொன்ன வேகத்தைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. அவள் ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்ட்டோவில் அவரோடு சீட்டாடும் அனிசேட்டு தொண்ணூற்றெட்டில் நின்றுகொண்டிருந்தான். அடுத்த மாதம் ஒரே சனி ஞாயிறில் இரண்டு கோட்டைகளை முடிக்கப்போவதாக எல்லார் காதிலும் போட்டு வைத்திருந்தான். அவன் நூறைத் தொட்டுவிட்டால் சாகும்வரை அந்தப் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

தங்கியிருந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் தொலைவில் மலை உச்சியில் பென்யா கிளாரா தெரிந்தது, வெள்ளைக் கோடு போட்ட மாதிரி. எட்டிப் பிடித்துவிடலாம் போலிருந்தது. பள்ளிக்கூடம் திறக்காததால் பஸ் கிடையாது. டாக்ஸி ஒன்றே வழி. நல்லவேளையாக, வந்த மறுநாள் காலையே கிரசியெத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிட்டாள்.

"ஊருக்கு வெளியில, மாதா கோயில் பக்கம் ஒரு கார்க் மரம் இருக்காம். சாயங்காலம் வரைக்கும் அங்க உக்காரப்போறேன். யாரும் வந்து பேசக்கூடாது. முக்கியமா நீ வரக்கூடாது."

"சத்தியமா வரமாட்டேன்" என்றார் எர்மீனியு. வாழ்நாளில் அவர் அவ்வளவு மனப்பூர்வமாகச் செய்த சத்தியம் வேறு இல்லை.

இப்போது டாக்ஸி இல்லை.

"ஒரு காபி குடுங்க. அவன் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றார்.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. மூலை மேசையில் சீட்டுக்கட்டோடு மூன்று பேர் இருந்தார்கள். நாலு பேர் ஆடும் ஆட்டம். நாலாவது ஆள் ஜூன் மாதமே மகள் வீட்டோடு லிஸ்பன் போய்விட்டாராம். மூவரும் எர்மீனியுவை, பசித்தவன் இலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"சீட்டு தெரியுமா, நண்பரே?" என்றார் அவர்களில் ஒருவர். ஊரில் சலூன் வைத்திருக்கும் குஸ்தோதியு. மீசையே அவர் கடைக்கு விளம்பரம்.

"தெரியும். ஆனா டாக்ஸி வந்ததும் எழுந்துடுவேன்."

"தாராளமா. ஒரே ஒரு ஆட்டம்."

டாக்ஸி வரவில்லை. ஆட்டமும் ஒன்றோடு நிற்கவில்லை. நடுவில் யாரோ பன்றிக்கறி வறுவல் கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ அவர் தோற்றதைக் கொண்டாடி ஒயின் ஊற்றினார்கள். அவர் ஜெயித்ததற்கு இன்னொரு கோப்பை. வாசலில் நிழல் நீண்டு மேசைக் காலைத் தொட்டபோதுதான் எர்மீனியு துள்ளி எழுந்தார்.

"பெலர்மீனு?"

"இன்னைக்கு இனி வரமாட்டான்" என்றாள் லுதவீனா. "யாரோ நாலு நாளைக்கு மொத்தமா பேசிட்டாங்களாம்."

"நாலு நாளைக்கா! யாரு?"

"போன்ல கேட்டேன், சொல்ல மாட்டேங்கறான். சவாரி விஷயம் பாதிரியார்கிட்ட சொல்ற பாவம் மாதிரியாம், வெளியில விடக்கூடாதாம்."

வீட்டுக்குப் போனால் கிரசியெத் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. கால்தான் வலிக்குது."

"உக்காந்ததுக்கா?"

"ஒழுங்கா உக்காந்தா வலிக்கும். உனக்கு எங்க தெரியப்போகுது."

வீட்டுக்காரி இதலீனா சூப்போடு வந்தாள். "ரொட்டி எங்க, ஐயா?"

காலையில் ரொட்டிக்குப் போனவர் பொழுது சாயும்போது வெறுங்கையோடு வந்திருக்கிறார். மூளை வேகமாக ஓடியது.

"வந்து... ரொட்டி சுடறதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அந்த மாவு, அந்த அடுப்பு, அந்த வாசனை... அப்படியே லயிச்சுப் போயிட்டேன். வாங்கறதுக்கே மறந்துட்டேன்னா பாருங்க."

'லயிச்சு' என்ற சொல்லை மனைவிக்காகவே போட்டார். அவள் கண்கள் அகன்றன. "காலையிலேருந்தா?"

"காலையிலேருந்து."

"அடடா!" என்று இதலீனா கையைத் தட்டினாள். "மாவு பிசைய ஆள் இல்லாம ரொட்டிக்கடை ஃபெலிஸ்மீனாவுக்குத் தோள்பட்டையே விட்டுப் போச்சு. இருங்க." அங்கேயே போனை எடுத்துப் பேசினாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆறு மணிக்கு வந்துடுங்க. அரைக்கை சட்டை போட்டுக்கிட்டு வரச் சொன்னா."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குள் எர்மீனியு நாற்பது கிலோ மாவு பிசைந்திருந்தார். இரண்டு கையும் தன்னுடையவை என்ற உணர்வு போயிருந்தது. ஆனால் ஃபெலிஸ்மீனா சுட்ட ரொட்டியை வேனில் ஏற்றும்போது அவருக்கு உயிர் வந்தது.

"வேன் எந்தப் பக்கம் போகுது?"

"பென்யா கிளாரா ரோட்டுலதான். முக்கால்வாசி வழி வரைக்கும்."

"நானும் வரேன்."

"வாங்களேன். பதினாலு வீடு. சீக்கிரம் முடிஞ்சா கோட்டை வாசல்லயே கூட கொண்டு விடலாம். ஆனா சீக்கிரம் முடியாது."

"ஏன் முடியாது?"

"முடிஞ்சதில்லை."

முப்பத்தாறு வருஷ அனுபவம் எர்மீனியுவின் உடம்புக்குள் எழுந்து நின்றது. ஃபெலிஸ்மீனாவின் வழியைக் கேட்டார். ஒரே சாலையில் மூன்று தடவை போகிறாள், ஒரே வளைவில் நாலு தடவை திரும்புகிறாள். காலி மாவுப் பையைக் கிழித்து, பென்சிலால் பதினாலு புள்ளி வைத்து, அம்பு போட்டார்.

"இப்படிப் போங்க. பாதி நேரம் மிச்சம்."

"இப்படிப் போனதே இல்லையே."

"போய்த்தான் பாருங்களேன்."

போனார்கள். முதல் இரண்டு வீடுகள் பறந்தன. எர்மீனியு ஜன்னலுக்கு வெளியே பெரிதாகிக்கொண்டே வந்த கோட்டையைப் பார்த்துப் புன்னகைத்தார். மூன்றாவது வீட்டில் ஒலிம்பியா என்ற கிழவி ரொட்டியை வாங்கிக்கொண்டு, ஒரு மாதிரி வெற்றிச் சிரிப்புச் சிரித்து, ரொட்டியை எதிர்வீட்டை நோக்கித் தூக்கிக் காட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது.

ஃபெலிஸ்மீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு."

"என்ன போச்சு?"

"எதிர்வீட்டுல இவ அக்கா யூஃப்ராசியா. ரெண்டு பேரும் பேசி ஒன்பது வருஷமாச்சு. அக்காவுக்குத்தான் ரொட்டி முதல்ல. அந்த ஒரு ஏற்பாட்டுலதான் இந்தத் தெருவே அமைதியா இருந்துச்சு."

அது முடிவதற்குள் அடுத்தது. வழக்கமாக ஃபெலிஸ்மீனா நாலாவது வீட்டில் முட்டை வாங்கி ஒன்பதாவது வீட்டில் கொடுப்பாள். ஒன்பதாவது வீட்டில் அந்த முட்டையில் கேக் செய்து பன்னிரண்டாவது வீட்டுக்கு அனுப்புவார்கள். எர்மீனியுவின் வழியில் பன்னிரண்டு முதலில் வந்தது, ஒன்பது பிறகு வந்தது, நாலு கடைசியில் வந்தது. பன்னிரண்டாவது வீட்டில் அன்றைக்குக் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

ஃபெலிஸ்மீனா வேனை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கோட்டை நாலு கிலோமீட்டரில் இருந்தது.

"ஐயா, இப்ப மறுபடி பதினாலு வீட்டுக்கும் போறோம். பழைய வரிசையில. எல்லா வீட்டுலயும் இறங்கி நீங்கதான் மன்னிப்புக் கேக்கறீங்க."

போனார்கள். யூஃப்ராசியா கதவைக் கால்வாசி திறந்தாள்.

"ரொட்டியை வரிசை மாத்தினது நான்தாங்க. தப்பு என்னோடது" என்றார் எர்மீனியு.

"எந்த ஊரு?"

"போர்ட்டோ."

"அதான்" என்று சொல்லிக் கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ள வந்து உக்காரு."

மன்னிப்புக் கேட்க வந்தவன் வாசலில் நின்றபடியே போய்விட்டால் அது இன்னொரு அவமரியாதையாம். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி போட்டார்கள். அத்திப்பழம் தந்தார்கள், ஆலிவ் தந்தார்கள், செத்துப்போனவர்களின் போட்டோவைக் காட்டினார்கள். ஞானஸ்நான வீட்டில் குழந்தையையே மடியில் போட்டார்கள். அது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. எழுப்பிவிடுவோமோ என்ற பயத்தில் அவர் ஒரு மணி நேரம் மூச்சைக்கூட மெல்ல விட்டார். டைம் கீப்பராக இருந்த காலத்தில் அவரைப் பார்த்து யாரும் உட்காருங்கள் என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

"இன்னைக்கு என்ன பண்ணின?" என்று கேட்டாள் கிரசியெத். மூக்கில் தோல் உரிந்திருந்தது.

"பதினாலு வீட்டுல உக்காந்தேன்." உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நீ?"

"நான் ஒரே இடத்துலதான் இருந்தேன். ஆனா நேத்து பாத்த மாதிரியே இல்லை, எர்மீனியு. காலைல ஒரு நிறம், உச்சி வெயில்ல ஒரு நிறம், சாயங்காலம் வேற நிறம்."

"ஒரு மரத்துக்கு இத்தனையா?"

"பாத்தாத்தானே தெரியும்" என்று அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

மூன்றாம் நாள் எர்மீனியு யாரையும் நம்பக்கூடாது என்று தீர்மானித்தார். டாக்ஸி ஸ்டாண்டில் பூனை மட்டும் இருந்தது. நேராகக் குஸ்தோதியுவின் சலூனுக்குப் போனார். வாசலில் ஒரு மொப்பெட் நிற்பதை முதல் நாளே பார்த்து வைத்திருந்தார். சும்மா கேட்டால் நன்றாக இருக்காது. முகம் மழித்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்கலாம் என்று நாற்காலியில் சாய்ந்தார். வலது கன்னம் முடிந்தது.

"குஸ்தோதியு, உங்க வண்டியை ஒரு மணி நேரம்..."

வெளியே யாரோ கத்தினார்கள். "மேகம் கட்டுது! திராட்சை நனைஞ்சா போச்சு! எல்லாரும் வாங்க!"

குஸ்தோதியு கத்தியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "நண்பரே, மிச்சம் தோட்டத்துல."

"என்னது?"

ஆனால் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார். வாலே மான்ஸுக்காரர்கள் அவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்று போர்ட்டோவில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இடது கன்னம் முழுக்க சோப்பு நுரையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு, எர்மீனியு பின்னாலேயே ஓடினார். கிரசியெத் கண்ணில் பட்டுவிடாமல் இருக்க, மாதா கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் சுற்றுவழியில் போனார்.

தோட்டத்தில் ஊரே இருந்தது. யாரும் அவர் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கூடையையும் கத்தரியையும் நீட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நுரை காய்ந்தது. இடுப்பு இற்றுப் போனது. பழக்கதோஷத்தில் விசிலை ஊதி, "பத்து நிமிஷம் ஓய்வு!" என்றார். தோட்டமே சிரித்தது.

"யாரது, போர்ட்டோ எக்ஸ்பிரஸா?" என்றாள் ஃபெலிஸ்மீனா. அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

"எங்க சோம்பேறித்தனத்தைப் பத்தி உங்க ஊர்ல ஜோக் சொல்வாங்களாமே. ஒண்ணு எடுத்து விடுங்க" என்றார் குஸ்தோதியு.

எர்மீனியு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"இது எங்க தாத்தா காலத்துது. நாங்க ஒண்ணு சொல்றோம்" என்றார் குஸ்தோதியு. "வடக்கத்தி ஆளு செத்தா, சவப்பெட்டியிலேருந்து எழுந்து முன்னாடி ஓடிப்போய்க் குழி தயாரான்னு பாத்துட்டு வந்துதான் மறுபடி படுப்பானாம்."

எர்மீனியு சிரித்துச் சிரித்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டார். கவிழ்ந்ததைப் பொறுக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் மலை உச்சியில் கோட்டை. மேகம் வந்து அதை மூடியது. பிறகு விலகியது. இந்தப் பக்கம் ஒரு துளி மழையும் விழவில்லை. கடைசிக் கூடை நிரம்பிய பிறகு, ஒரு பீப்பாய் மேல் உட்கார வைத்து, குஸ்தோதியு அவருடைய இடது கன்னத்தை மழித்துவிட்டார்.

"காலைல ஏதோ வண்டி வேணும்னீங்களே?"

"ஆமா! நாளைக்கு?"

"எடுத்துக்குங்க. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அதை மட்டும் பாத்துக்குங்க."

நாலாம் நாள் அதுதான் கடைசி வாய்ப்பு. கிரசியெத் கிளம்பிய அடுத்த நிமிஷம் எர்மீனியு மொப்பெட்டில் ஏறிவிட்டார். ஊரைத் தாண்டினார். சீட்டு மேசையிலிருந்து கூப்பிட்ட குரலுக்குக் கையை மட்டும் ஆட்டினார். ஃபெலிஸ்மீனாவின் வேன் எதிரே வந்தது, நிற்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. கோட்டை வெள்ளைக் கோடாக இருந்தது, பிறகு மதிலானது, மதிலில் ஒரு வாசல்கூடத் தெரிய ஆரம்பித்தது. உள்ளங்கை அரித்தது.

நடுரோட்டில் யூஃப்ராசியா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு ஜாடி.

"நில்லு, போர்ட்டோ."

"அவசரமா போறேன் அம்மா!"

"பத்தடிதான். சீமைமாதுளை ஜாம். எதிர்வீட்டுல குடு. நான் குடுத்தேன்னு சொல்லாதே."

"சரி."

"ஆனா நான்தான் குடுத்தேன்னு அவளுக்குத் தெரியணும்."

பத்தடிதானே என்று எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்திவிட்டு ஜாடியை எதிர்வீட்டில் கொடுத்தார். ஒலிம்பியா விரலால் தொட்டு நக்கினாள்.

"சர்க்கரை அதிகம். போய்ச் சொல்லு."

வந்து சொன்னார். "அம்மா போட்ட அளவுதான், மறந்துட்டாளான்னு கேளு" என்றாள் அக்கா. கேட்டார். "அம்மா கடைசிக் காலத்துல யார் கையால சாப்பிட்டான்னு கேளு" என்றாள் தங்கை. கேட்டார். "சேவலை யாரு அடிச்சு சாப்பிட்டான்னு கேளு!" "எந்தச் சேவல்னு கேளு!" "ஒன்பது வருஷத்துக்கு முந்தின சேவல்னு சொல்லு!"

பதினெட்டாவது தடவை தெருவைத் தாண்டும்போது மொப்பெட் இருமியது. இரண்டு தடவை விக்கியது. நின்றது. எர்மீனியு ஓடிப்போய் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. நிமிர்ந்தால் எதிரே கோட்டை. நாலு கிலோமீட்டர், செங்குத்தாக ஏற்றம், உச்சி வெயில்.

அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு வீட்டுக்குள்ளும் புகுந்து ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிவந்து நடுத்தெருவில் எதிரெதிராகப் போட்டார். விசிலை எடுத்து ஊதினார். போர்ட்டோவில் அந்தச் சத்தத்துக்கு இரட்டை மாடி பஸ்ஸே நகரும்.

"ரெண்டு பேரும் வந்து உக்காருங்க! இனி நான் ஒரு வார்த்தை சுமக்க மாட்டேன்!"

இருவரும் பயந்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் இருவரும் அவரைப் பார்த்தே பேசினார்கள். பிறகு ஜாடியைப் பார்த்து. எந்த நேரத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள் என்று அவர் கவனிக்கவில்லை. அப்போது அவர் தனக்கும் ஒரு நாற்காலி எடுக்கப் போயிருந்தார். சேவலைத் தின்றது இரண்டு பேரும் இல்லை, நரி என்று தெரிய மத்தியானமாயிற்று. அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அழுதார்கள். சிரித்தார்கள். ரொட்டியில் ஜாம் தடவி அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். யூஃப்ராசியா உள்ளே போய் ஒரு பழைய பாட்டிலை எடுத்துவந்தாள்.

ஒரு சமயம் எர்மீனியு தலையைத் தூக்கினார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மதில் முழுக்கத் தேன் நிறம். நாள் பூராவும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி போட்ட பிறகு ஒரு தடவைகூட அதை நினைக்கவில்லை. இப்போது வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஒலிம்பியா இன்னொரு துண்டு ரொட்டி நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அனிசேட்டு நூறு அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். நடுத்தெருவில் நாற்காலி போட அவனுக்குத் தெரியுமா?

வழியில் வந்த டிராக்டரில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது கிரசியெத் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிரசியெத், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு நாளா நான் உன்னை ஏமாத்தினேன்."

கரண்டி நின்றது.

"பென்யா கிளாரா போறதுக்குத்தான் இந்த ஊருக்கே ஒத்துக்கிட்டேன். தினமும் கிளம்பினேன். தினமும் யாராவது பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. ஆனா நீ சொன்னது இப்பத்தான் புரியுது. முப்பத்தெட்டு வருஷமா நான் எதையுமே பாக்கலை, எதையுமே பாக்க உன்னை விடவும் இல்லை. நீ பாரு, நாலு நாளா ஒரு மரத்தடியில அசையாம உக்காந்திருக்க! என்னை மாதிரி பொய் சொல்லிட்டுக் கோட்டை கோட்டையா அலையலை. உன் கால் தூசிக்கு நான் சமமில்லை."

கிரசியெத்துக்குப் புரை ஏறியது. இதலீனா ஓடிவந்து முதுகில் தட்டினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள். மனைவி இவ்வளவு நெகிழ்ந்துபோவாள் என்று எர்மீனியு எதிர்பார்க்கவில்லை. அவருக்கும் கண் கலங்கியது.

மறுநாள் காலை ரயிலுக்குப் போக வேண்டும். எர்மீனியு சீக்கிரமே வாசலுக்கு வந்துவிட்டார், ஊரும் வந்திருந்தது. ஃபெலிஸ்மீனா சூடு ஆறாத ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் திணித்தாள். குஸ்தோதியு, "அடுத்த வருஷம் வந்தா ரெண்டு கன்னமும் ஒரே நாள்ல" என்றார். சகோதரிகள் இருவரும் ஒரே ஜாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். யார் கொடுப்பது என்பதில் மட்டும் சின்னத் தகராறு.

அப்போதுதான் டாக்ஸி வந்து நின்றது. நாலு நாளாகக் கண்ணில் படாத டாக்ஸி. பழுப்பு நிறம், கதவெல்லாம் புழுதி. உள்ளேயிருந்து குட்டையாக, குண்டாக, சிரித்த முகமாக ஒருவன் இறங்கினான்.

"ஏம்பா, நீதானா அந்தப் பெலர்மீனு?" என்று எர்மீனியு அவன் தோளில் தட்டினார். "உன்னைத் தேடித் தேடி என் காலே தேஞ்சுபோச்சு."

"மன்னிச்சுக்குங்க ஐயா. காலைல ஏத்தினா சாயங்காலம்தான் இறக்கறது. ஒரே சவாரி."

"இருக்கட்டும், இருக்கட்டும். அந்த ஆளு மட்டும் உன்னைப் பிடிச்சு வெச்சுக்கலைன்னா எனக்கு இந்த ஊரும் கிடைச்சிருக்காது, இந்த ஜனங்களும் கிடைச்சிருக்க மாட்டாங்க. யாருன்னு சொல்லு, நேர்ல பாத்து ஒரு நன்றி சொல்லிட்டுத்தான் நான் ரயில் ஏறுவேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னால் கதவு திறந்து கைப்பையோடு கிரசியெத் படியிறங்கினாள். பெலர்மீனு தொப்பியைக் கழற்றி, ஓடிப்போய், பின்கதவைத் திறந்து பிடித்தான்.

"வாங்கம்மா, வாங்க! இன்னைக்கும் பென்யா கிளாராதானே? கோட்டைக் காவல்காரர் உங்க நாற்காலியை மதில் மேல அப்பவே எடுத்துப் போட்டுட்டாராம்!"